வலைத்தளம் அமைப்பார்க்கு ஏற்ற கருவி யாது?

இக்காலத்து மாணவர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, வலைத்தளத்திற்கு நிரல் எழுதுவார் எந்த ஐ.டி.இ.யைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் இதனைக் குறித்து எழுதப் புகுந்தது சிலர்க்கு நகையை விளைக்கலாம். ஆயினும், சென்ற ஆண்டில் யாம் நால்வர், இம்மலரின் பழைய தொகுதிகளில் வெளிவந்த கட்டுரைகளுக்கு ஓர் அகரவரிசை தொகுத்து, அதனை வலைத்தளமாக்க முயன்று பட்ட பாட்டினால், இவ்விஷயத்தில் எமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாயிற்று.

ஐ.டி.இ. என்பது யாதெனின், நிரலை எழுதும் ஏடு, பிழையைச் சுட்டும் கண், நிரலை இடையில் நிறுத்தி ஆராயும் கருவி, முன்னைய படிகளைக் காத்துவைக்கும் ஏற்பாடு ஆகிய பலவும் ஒரு சாளரத்தினுள்ளே அமைந்த சூழலாம். நம் நாட்டார்க்கு இஃது எளிதில் விளங்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பனையேறிகள் இடையிற் கட்டும் அரிவாட்பெட்டி இத்தகையதே. பாளை சீவும் அரிவாளும், பாளையை இடுக்கும் கடிப்பும், சுண்ணாம்பும் அவர்க்குக் கையெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். மரத்தின் உச்சியில் இருப்பவர் ஒரு கத்திக்காகக் கீழிறங்கி வருதல் இயலுமோ? ஆனால், அப்பெட்டி ஏறுவோர் சுமக்கத்தக்க அளவினதாகவும் இருத்தல் வேண்டும். இப்பின்னதனை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

யாம் முதலில் அறிவுரை கேட்டது ஒரு பயிற்சி நிலையத்தில். அந்நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. அங்கிருந்தோர், 16 ஜி.பி. நினைவகம் உள்ள புதுக் கணினியும், ஆண்டுதோறும் பணம் செலுத்தத்தக்க பெரிய ஐ.டி.இ. ஒன்றும் இல்லாதார் வலைநிரலில் இறங்குதல் வீண் என்றனர். எம்முள் ஒருவரிடம் இருந்தது, அவர் தமக்கையார்க்கு மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி, 4 ஜி.பி. நினைவகம் உடையது. அவர் தந்தையார் கோட்டாற்றுக் கடைத்தெருவில் சுமை தூக்குபவர். அந்நண்பர் ஒன்றும் கூறாது வெளியே வந்தார். மறுநாள் முதல் எம் வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதம் வரவில்லை. எம் நால்வருள் பழைய தலைப்புக்களைப் பிழையின்றிப் படிக்க வல்லவர் அவரே. கருவியைத் தேர்தல் என்பது ஆளைத் தேர்தலாகவும் முடியும் என்பதனை யாம் அன்று உணர்ந்தோம்.

இனி, கருவிகளைச் சிறிது நோக்குவாம். ஒரே சாளரத்தில் எழுதவும் இயக்கவும் இடந்தந்த டர்போ பாஸ்கல் 1983-இல் வெளிவந்தது. நெட்பீன்ஸ் என்பது 1996-இல் பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழக மாணவரால் தொடங்கப்பட்டது. மாணவர் முயற்சி உலகெங்கும் பரவிய செய்தியை ஈண்டு மகிழ்ச்சியோடு குறிக்கின்றோம். எக்லிப்ஸ் 2001-இலும், வலைநிரலுக்கென்றே அமைந்த வெப்ஸ்டார்ம் 2010-இலும் தோன்றின. மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் விஷுவல் ஸ்டுடியோ கோட் 2015-இல் வந்தது. 2024-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கணக்கெடுப்பில் விடையளித்தோருள் 100-க்கு 73 பேருக்கு மேல் அதனைக் கையாள்வதாகக் கூறினர். இது கண்டிப்பாகச் சொல்லுங்கால் ஐ.டி.இ. அன்று, ஓர் எழுதுகருவியே. வேண்டும் துணைப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க ஐ.டி.இ. ஆகும். வெறும் பெட்டியைத் தந்து, கத்தியை உன் விருப்பம்போல் இட்டுக்கொள் என்பது போலும்.

யாம் முடிவிற் கொண்டது இதனையே. விலையின்மை ஒரு காரணம். மற்றொரு காரணம் தமிழ் பற்றியது. அதனைச் சற்று விரித்தல் வேண்டும். நிரல் எழுதும் கருவிகள் பல, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்னும் கொள்கையுடையன. ஆங்கில எழுத்து அக்கட்டத்தில் அடங்கும். நம் 'கொ' முன்னும் பின்னும் குறி பெற்று விரிவது. 'ணௌ' எங்கே அடங்கும்? பழைய முறையில் கரிய திரையில் இயங்கும் கருவிகளில் எம் தலைப்புக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. விஷுவல் ஸ்டுடியோ கோடோ, குரோமியம் என்னும் வலை உலாவியின் உறுப்பைக் கொண்டு கட்டப்பட்டது. ஆதலின் உலாவியிற் காணும் அவ்வழகிய வடிவிலேயே தமிழைக் காட்டுகின்றது. அது நினைவகத்தைச் சற்று மிகுதியாய் விழுங்குவதற்கும் அவ்வுறுப்பே காரணம். எனினும் துணைப்பொருள்களை மூன்று நான்கிற்கு மேல் சேர்க்காமல் வைத்தபோது, நண்பரின் 4 ஜி.பி. கணினியில் அது தடையின்றி இயங்கிற்று. அவரும் திரும்பி வந்தார்.

ஆயின் எந்தக் கருவியும் தமிழிலக்கணம் அறியாது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று ஜாவாஸ்கிரிப்டை வினவினால் ஐந்து என்னும். மகரத்தையும் இகரக் குறியையும், ழகரத்தையும் புள்ளியையும் அது வேறுவேறாக எண்ணுகின்றது. மூன்று என்று சொல்லச் சிறு பிள்ளையும் அறியும்! அகரவரிசையிலும் இவ்வாறே. யூனிக்கோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளமையால், 'மனம்' முன்னும் 'மரம்' பின்னுமாக எம் பட்டியல் அமைந்தது. நம் அகராதிகளிலோ னகரம் இறுதியது. கருவி ஒரு சிவப்புக் கோடும் இடவில்லை. நிரலின் இலக்கணம் பிழையற்றிருந்ததன்றோ? தமிழ் முறைப்படி ஒப்பிடுக என்று தனியே ஆணையிட்ட பின்னரே வரிசை செம்மையாயிற்று. இதனைக் கண்டுபிடித்தவர் திரும்பி வந்த அந்நண்பர்.

கணினித் துறை அண்ணன்மார் சிலர் எம்மோடு மாறுபடுவர். ஐம்பது கோப்புக்களில் பரந்த ஒரு பெயரை ஒருங்கே மாற்றவும், சிக்கலான பிழையைத் துருவிக் காணவும் வெப்ஸ்டார்ம் போல்வன சிறந்தன என்பர். உண்மையே. 2024 அக்டோபர் முதல் வாணிக நோக்கமற்ற வேலைக்கு அது விலையின்றியும் கிடைக்கின்றது. வலிய கணினி உடையார் அதனைக் கொள்ளுக; எமக்கு வழக்கில்லை. ஆனால் எதனைக் கொள்ளினும் அதன்கண் மிக்க பற்று வைத்தல் ஆகாது. அடோபி வெளியிட்ட பிராக்கெட்ஸ் 2021-இல் அந்நிறுவனத்தாரால் கைவிடப்பட்டது. பலரும் போற்றிய ஆட்டம் 2022 டிசம்பர் 15-இல் முடிந்தது. அவற்றில் எழுதிய கோப்புக்கள் வெற்றெழுத்துக் கோப்புக்களாதலின் கெடவில்லை. கெட்டது பழக்கமே.

கேளாமலே நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுத் துணையும் இப்போது இக்கருவிகளுட் புகுந்துளது. முதலாண்டு கற்போர் அதனை அணைத்து வைத்தல் நன்று என்பது எம் கருத்து. யாம் அதனை நம்பியிருப்பின், 'மரம்' இடம் மாறி நின்றதன் காரணத்தை இன்றும் அறிந்திரோம்.

அகரவரிசை இன்னும் முற்றுப்பெறவில்லை. பழைய தொகுதிகளுள் சில எம் கைக்குக் கிட்டவில்லை. அவற்றை உடைய பழைய மாணவர் எவரேனும் இருப்பின், ஒரு கிழமை இரவல் தந்து உதவுவாராக. கருவி ஆயத்தமாக உள்ளது.