டிஷ்யூம் சத்தத்துக்கு முருங்கைக்காய் போதும்

சண்டைப் படம் கண்ணுக்கு விருந்து என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது காதுக்கான சமாச்சாரம். சந்தேகமாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த சண்டைக் காட்சியைப் போட்டு, சத்தத்தை மட்டும் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஹீரோ காற்றில் கையை வீசுகிறார். அரை அடி தள்ளி நிற்கும் அடியாள் தானாகவே எகிறிப் போய் தக்காளிக் கூடையில் விழுகிறார். பாவம், அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றும். சத்தத்தைக் கூட்டியதும் அதே காட்சியில் உங்கள் தாடை வலிக்கிறது. ஆக, அடிப்பது கையல்ல, சத்தம்.

அந்தச் சத்தமும் அடியிலிருந்து வந்ததல்ல. நிஜமாக ஒருவரை ஒருவர் அறைந்தால் 'சப்' என்று அற்பமாக ஒரு ஓசைதான் வரும். ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவர், படம் ஓட ஓட அதற்கேற்ற சத்தங்களைத் தனியாகச் செய்து பதிவுசெய்யும் முறையை வளர்த்தார். இன்றைக்கும் அந்த வேலைக்கு அவர் பெயர்தான், ஃபோலி. குத்துக்கு முட்டைக்கோஸை அடிப்பார்கள். எலும்பு முறிய செலரித் தண்டை ஒடிப்பார்கள். செலரி கிடைக்காத ஊரில் என்ன செய்வது? முருங்கைக்காய் இருக்கிறதே. சாம்பாருக்குப் போகும் வழியில் ஒன்றை எடுத்து மைக் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பாருங்கள், வில்லனின் கை முறிந்துவிடும்.

இதில் ஒரு சுதந்திரம் ஒளிந்திருக்கிறது. சண்டைப் படம் எடுக்கக் கோடிகள் வேண்டும். கார் கவிழ்க்க வேண்டும், கண்ணாடி உடைக்க வேண்டும், ஸ்டண்ட் கலைஞர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆனால் அந்தச் சண்டையின் பாதி உயிர் இருக்கும் சத்தத்தையும் இசையையும் வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம். சினிமாக்காரர்களைவிட இது நன்றாகப் புரிய வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. தனியாக உட்கார்ந்து நாவல் எழுதுகிறவர்.

நாவலாசிரியரிடம் கேமராவும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. இருந்தும் சுஜாதாவைப் படித்தவர்களுக்கு அவர் கதைகளில் வரும் துரத்தல்கள் ஏதோ தியேட்டரில் பார்த்தது மாதிரி நினைவில் இருக்கும். எப்படிச் செய்தார்? வாக்கியத்தை நறுக்கினார். வினைச்சொல்லை முன்னால் தள்ளினார். ஒருவன் மாடிப்படி இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டு போல அச்சிட வைத்தார். அது வெறும் வேடிக்கையல்ல. படிக்கிறவரின் கண் எந்த வேகத்தில் போக வேண்டும், எங்கே தடுக்கி நிற்க வேண்டும் என்பதை அவர் தாளம் போட்டுச் சொன்னார். அதாவது பேப்பரிலேயே பின்னணி இசை அமைத்தார்.

அதே சுஜாதாவின் 'பிரியா' 1978இல் படமானபோது, லண்டனில் நடந்த கதை சிங்கப்பூருக்குப் போய்விட்டது. வக்கீல் கணேஷ் ரஜினிகாந்த் ஆனார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சினிமா என்றால் தயாரிப்பாளர், நாயகன், விநியோகஸ்தர் என்று பத்துப் பேர் கை வைத்த பிறகுதான் இலை பந்திக்கு வரும். நாவல் அப்படியில்லை. ஒருவர் சமைத்து அவரே பரிமாறுவது. உப்பு குறைந்தால் திட்டு முழுக்க அவருக்குத்தான். சுஜாதா பிறகு சினிமாவின் சமையலறைக்குள்ளேயே போனார். 1986இல் வந்த 'விக்ரம்' படத்துக்கு எழுதினார். கதையைக் குமுதத்தில் தொடராகவும் எழுதினார். திரைக்கதை எழுதுவது எப்படி என்று தனிப் புத்தகமே போட்டார். இவ்வளவுக்கும் நடுவில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலையையும் விடவில்லை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. சினிமா கைவிட்டாலும் பத்திரிகை கைவிட்டாலும் மாதச் சம்பளம் வந்துவிடும் என்ற தெம்பு அவர் எழுத்தில் தெரியும். சுதந்திர எழுத்தாளன் என்றால் வேலையை ராஜினாமா செய்தவன் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் பல சமயம் அது தலைகீழ்.

இசைப் பக்கம் வருவோம். 1992இல் 'ரோஜா' வந்தது. வசனம் சுஜாதா. இசை, அதுவரை விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மான். அந்த இசை பிறந்த இடம் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டின் பின்பக்கத்தில் கட்டிய 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஸ்டூடியோ. நூறு வயலின்காரர்கள் காலையிலிருந்து மாலைவரை வாடகைத் தியேட்டரில் காத்திருக்கும் அவசரம் அங்கே இல்லை. இரவு 2 மணிக்கு ஒரு சத்தம் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். மறுநாள் வந்து மறுபடி மாற்றலாம். அந்தப் படத்துக்கு அவர் தேசிய விருது வாங்கினார். வீட்டில் இசை செய்வது ஏழையின் சமாதானம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அங்கே கிடைப்பது நேரம். யாரும் மணி பார்க்காத நேரம்.

அன்றைக்கு அந்த வீட்டு ஸ்டூடியோவுக்கே நிறைய முதல் போட வேண்டியிருந்தது. இன்றைக்கு? ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி மாணவர் கையில் இருக்கும் சாதாரண போன், ஒரு சத்தத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிவுசெய்கிறது. சிடியில் இருக்கும் தரமும் அந்தக் கணக்குதான்.

அப்படியானால் இந்நேரம் ஊருக்கு ஊர் புதுப்புது இசை கொட்டியிருக்க வேண்டுமே? கொட்டுகிறதுதான். ஆனால் பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. காரணம், மென்பொருளோடு சேர்ந்தே வரும் 'லூப்' என்ற தயார்நிலைத் துண்டுகள். எவரோ எங்கோ வாசித்த எட்டு மாத்திரை டிரம்ஸ். இழுத்துப் போட்டால் ஓடும். நிமிடத்தில் ஒரு மாஸ் தீம் ரெடி. டெக்சாஸ் பையன் போடுவதும் திண்டிவனம் பையன் போடுவதும் ஒன்றே. ஹாலிவுட்டில் இதற்கு ஒரு பழைய ஜோக்கே உண்டு. 1951இல் ஒரு படத்துக்காகப் பதிவுசெய்த ஓர் அலறலை, 'ஸ்டார் வார்ஸ்' உட்பட நூற்றுக்கணக்கான படங்களில் போட்டுவிட்டார்கள். யார் எங்கிருந்து விழுந்தாலும் அதே மனிதர்தான் அலறுகிறார். அவர்கள் அதை ரசித்துச் செய்தார்கள். நாம் சோம்பலில் செய்கிறோம்.

இதைக் கண்டமங்கலத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூர் தாண்டி வருகிற கண்டமங்கலம் தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் திருவண்டார்கோயில், திருபுவனை, மறுபடி புதுச்சேரி. அப்புறம் வளவனூர், மறுபடி தமிழ்நாடு. ஒரே பஸ்ஸில் டிக்கெட் மாற்றாமல் மாநிலம் மாறி மாறிப் போகலாம். பாட்டில் விலையும் அப்படியே மாறும். பையில் நாலு பாட்டிலோடு பைக்கில் வருகிறவன், பின்னால் ஒரு ஜீப், முன்னால் மூடப்போகும் ரயில்வே கேட். ஒரு சண்டைப் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நாவல் எழுதுகிறவர் இதை இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார். இசை செய்கிறவர் என்ன செய்வார்? லூப் பெட்டியைத் திறந்தால் அங்கே ரயில்வே கேட் மணி இருக்கும், ஆனால் அது அமெரிக்காவின் மணி.

இந்த வட்டாரத்துக்குச் சண்டையும் இசையும் சேர்ந்த கலை புதிதா என்ன? விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவும் தெருக்கூத்தும் தெரியாதவர்கள் குறைவு. கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் வேஷக்காரர் எடுத்தவுடன் போய்த் தொடையில் அடித்துவிடுவதில்லை. சுற்றிச் சுற்றி ஓட்டம், சவால், மறுபடி ஓட்டம். கூட்டத்துக்கு மூச்சு முட்டும்வரை அடியை ஒத்திப்போடுவார்கள். மத்தளமும் முகவீணையும் அந்தக் காத்திருப்பை ஏற்றிக்கொண்டே போகும். ஸ்லோமோஷன், பில்டப் என்றெல்லாம் இன்றைக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அது இதுதான். அடியைவிட அடிக்கு முந்தைய நேரம் பெரிது என்பது கூத்து வாத்தியாருக்குத் தெரியும். நல்ல நாவலாசிரியருக்கும் தெரியும். லூப்புக்குத் தெரியாது. அது முதல் நொடியிலிருந்தே அடித்துக்கொண்டிருக்கும்.

வேறொரு உதாரணமும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. நடனமும் கிடையாது. அந்தக் காலத்தில் டஜன் பாட்டு இல்லாமல் படப்பெட்டி நகராது. எடுத்தவரோ சங்கீதமே வாழ்க்கையாக இருந்த மனிதர். இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே இசை வேண்டாம் என்பதும் தெரிந்தது.

வீட்டில் இசை செய்யும் ஆசை உள்ளவர்கள் முதலில் லூப் பெட்டியை ஒரு மாதம் மூடி வைக்கலாம். போனை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். கரும்பு லாரி கியர் மாற்றும் சத்தம், சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனில் ரயில் பிரேக் பிடிக்கும் கீச்சொலி, ஷட்டர் இறங்கும் சத்தம் எல்லாம் சும்மா கிடக்கின்றன. பம்பைக்காரரிடம் கேட்டு, அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யலாம். போனை வாத்தியத்தின் மேலேயே வைத்தால் சத்தம் உடைந்துபோகும். நாலைந்து அடி தள்ளி வைக்க வேண்டும். ஒரே அடியைப் பல தடவை, மெதுவாகவும் ஓங்கியும், தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால் மெஷின் மாதிரி கேட்கும். நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டால்தான் மனிதர் வாசித்த மாதிரி இருக்கும். அறையில் எதிரொலி வந்தால் சுவரோரம் கொடியில் இரண்டு கனமான போர்வைகளைத் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். மின்விசிறியை நிறுத்த மறக்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "ஊர்ச் சத்தம், மண் வாசனை என்று சொல்லி எங்களைப் பம்பையோடு கட்டிப்போடப் பார்க்கிறீர்களா? எங்களுக்கு எலக்ட்ரானிக் பிடிக்கும்." நியாயமான கேள்வி. பிடித்ததைச் செய்ய யாரும் அனுமதிச் சீட்டு தர வேண்டியதில்லை. பம்பை ஒலிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஷட்டர் சத்தத்தை நறுக்கி முழு எலக்ட்ரானிக் இசை செய்யலாம். கேள்வி வாத்தியம் பற்றியதல்ல. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டுத் தேர்ந்தெடுத்தீர்களா, இல்லை மென்பொருள் தேர்ந்தெடுத்ததை நீங்கள் ஓடவிட்டீர்களா என்பதுதான். இரண்டாவதில் உங்கள் வேலை பட்டனை அழுத்துவது. அதற்கு இப்போது ஆள்கூடத் தேவையில்லை. ஒரு வரி டைப் செய்தால் முழுப் பாட்டையே செய்து தரும் கம்ப்யூட்டர்கள் வந்தாயிற்று.

சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' நாவலில் நாட்டுப்பாடல்களை ஆராய நகரத்திலிருந்து ஒருவன் கிராமத்துக்கு வருகிறான். அது 1981இல் படமாகவும் வந்தது. அன்றைக்கு நிலைமை அதுதான். பாடுகிறவர் ஒரு பக்கம், சேகரிக்கும் கருவியும் படிப்பும் வைத்திருப்பவர் இன்னொரு பக்கம். எதைப் பதிவுசெய்யலாம், எதை விடலாம் என்று வந்தவர்தான் முடிவு செய்தார். இன்றைக்குப் பதிவுக்கருவி ஊர்க்காரர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நகரத்திலிருந்து கல்யாணராமன்கள் வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் பைக்குள் இருப்பதாலேயே காரியம் நடந்துவிடாது. நாவல் எழுதுகிறவர் தினம் விடியற்காலையில் எழுந்து, யாரும் கேட்காமலே இரண்டு பக்கம் எழுதி, அதில் ஒன்றைக் கிழித்துப் போடுகிறாரே, அந்தப் பழக்கமும் சேர வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் சாம்பார் என்றால், அம்மாவிடம் ஒரு முருங்கைக்காய் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.