சூடானதும் நின்றுபோகும் வண்டி

காலையில் சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும். 20 நிமிஷம் நல்லா ஓடும். அப்புறம் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடிக் காட்டும்!

என் மச்சானின் 2003 மாடல் பிக்கப் டிரக்குக்கு இந்த வியாதி. அவர் கேட்டரிங் செய்கிறவர். அண்டா, சாம்பார், சாதம் எல்லாம் அந்த வண்டியில்தான் போகும். அடுத்த சனிக்கிழமை 150 பேருக்கு ஒரு வளைகாப்பு ஆர்டர். "ஃபியூயல் பம்ப் போயிருக்கும், மாத்த 900 டாலர் ஆகும், ஆனா அதுதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். "மாத்திடலாமா மாப்பிள்ளை?" என்று எனக்கு போன்.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஓடும்போது இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல் மாதிரி கனக்கும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு தடவை மிதிக்கத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஹசார்ட் லைட் போட்டு, ஓரம் கட்ட வேண்டும். வண்டி உருளும்போது சாவியை முழுசாகத் திருப்பி வெளியே எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வீட்டில் 16 வயசுப் பிள்ளை கார் ஓட்டப் பழகினால் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

சரி, சூடானால் மட்டும் ஏன் நிற்கிறது? பெட்ரோல் இன்ஜின் ஓட எரிபொருள், பொறி, காற்று மூன்றும் சரியான நேரத்தில் வர வேண்டும். எது இல்லாமல் போகிறது என்பதை வண்டி நிற்கும் விதமே கொஞ்சம் சொல்லிவிடும். இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றால் எரிபொருள் பக்கம் பார்க்கலாம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்து, உடனே ஸ்டார்ட் ஆனால் த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு, மூடாத ஈஜிஆர் வால்வு இவற்றைச் சந்தேகப்படலாம். பட்டென்று அணைந்து, ஆறும் வரை கிளம்பவே மறுத்தால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு.

என் வேலையில் எப்போதாவது மட்டும் வரும் பிழையைப் பிடிக்க ஒரே வழி, அது வரும் நேரத்தைக் குறித்துவைப்பது. அந்த வேலையை என் 11 வயசு மகளிடம் கொடுத்தேன். மாமாவிடம் தினமும் போன் போட்டுக் கேட்டு எழுதினாள். அணைந்தது 18 நிமிஷத்தில், 22 நிமிஷத்தில், 19 நிமிஷத்தில். டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். டெம்பரேச்சர் முள் நடுவில். எப்பவும் பட்டென்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி ஓடவிட்டோம். மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். 25 நிமிஷத்தில் நின்றது. ஆறுவதற்குள் மூன்று விஷயம் பார்த்தோம்.

முதலில், சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு நொடி ஓடும் சத்தம் வந்தது. மாட்டியிருந்த கேஜில் அழுத்தம் மேனுவலில் உள்ள அளவுக்கு ஏறியது. பம்ப் சாகவில்லை. அடுத்து ஸ்பார்க் டெஸ்டர். பொறியே இல்லை. கடைசியாக ஸ்கேனர். அமெரிக்காவில் 1996-லிருந்து வந்த கார், பிக்கப் எல்லாவற்றிலும் டாஷ்போர்டுக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் 0 என்று காட்டியது.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார். அந்தச் செய்தி வராவிட்டால் கம்ப்யூட்டர் பொறியையும் நிறுத்தும், பம்ப்பையும் நிறுத்தும். பம்ப் மேல் பழி விழுவது இதனால்தான். உத்தரவு வராமல் சும்மா நிற்பவனைப் பார்த்து, வேலை தெரியாதவன் என்று சொல்கிற கதை.

ஆனாலும் இன்னும் ஒரு பாகத்தை ஊகத்தில் வாங்க வேண்டாம் என்று தோன்றியது. இன்ஜின் நன்றாக ஆறினபின் சென்சாரைக் கழற்றினோம். இது இரண்டு கம்பி உள்ள காந்தச் சுருள் வகை, அதனால் மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். மூன்று கம்பி வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மகள் ஹேர் டிரையரால் சூடு காட்டினாள். எண் மெதுவாக ஏறியது. செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும், அதில் தப்பில்லை. திடீரென்று மீட்டர் "தொடர்பே இல்லை" என்று காட்டியது. ஆறினதும் எண் திரும்ப வந்தது. உள்ளே அறுந்த கம்பியின் முனைகள் குளிரில் ஒட்டிக்கொண்டு, சூட்டில் விலகுகின்றன.

"இப்பவாவது நம்புறீங்களா மாமா?" என்றாள். தமிழில். வீட்டில் அவள் தமிழ் "பசிக்குது", "போதும்மா" அளவில் நின்றிருந்தது. அந்த மதியம் சூடு, பொறி, அழுத்தம், ஆதாரம் எல்லாம் வாயில் வந்தது, ஏனென்றால் மாமாவோடு வாதாட அவை தேவைப்பட்டன. சண்டே கிளாஸ் போதாது என்று வருத்தப்படும் பெற்றோருக்கு என் யோசனை: பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு வேலை கொடுங்கள்.

புது சென்சார் 80 டாலருக்குள் முடிந்தது. கனெக்டரில் துரு இல்லை, வயர் எங்கும் உருகவில்லை என்றும் பார்த்துக்கொண்டோம். புதுசை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், பிறகு ஹைவேயில் ஒரு சுற்று. நிற்கவில்லை. சனிக்கிழமை சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாரும் சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் வண்டிக்கு இப்படி வந்தால், எப்போது, எப்படி நின்றது என்று எழுதிக் கொண்டுபோங்கள். பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நின்ற அந்த நேரத்தில் பொறி இருந்ததா? பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு? பதில் சொல்கிற மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்கலாம்.