பங்கு பிரிக்கத் தெரிந்த ஊருக்கு ஒரு மடல்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து உறவின்முறைப் பெரியவர்களுக்கும், கல்லூரி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும், பி.டி. மாஸ்டர்களுக்கும், சிவகாசியில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஒருவரின் வணக்கம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1915இல் தொடங்கிய ஒரு கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு 2023ஆம் ஆண்டுக் கோடையில் சிதறிப்போனது. அதன் பெயர் பேக்-12. பக்கத்து மாநிலங்களின் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடி, தொலைக்காட்சிப் பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அமைப்பு அது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், நடுமேற்கு மாநிலங்களின் பிக் டென் கூட்டமைப்பில் சேரப்போவதாக அறிவித்தன. யு.சி.எல்.ஏ.வின் விளையாட்டுத் துறை அப்போது 10 கோடி டாலருக்கு மேல் கடனில் இருந்தது. அடுத்த ஆகஸ்டிலேயே பிக் டென், ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று தொலைக்காட்சிகளோடு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலரைத் தாண்டும் ஒப்பந்தம் போட்டது.

மிச்சமிருந்தவர்கள் தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடைக்காமல் ஓராண்டு அலைந்தார்கள். கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம் மட்டும். சந்தாதாரர் கூடினால்தான் வருமானம் கூடும் என்ற ஏற்பாடு. 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்புக்குப் போயின. பசிபிக் கடலோரத்துப் பிள்ளைகள் அட்லாண்டிக் கரைப் போட்டிகளுக்குப் பறக்கிறார்கள். அப்படிப் போயும் அந்த இரண்டுக்கும் முதல் ஏழு ஆண்டுகள் கிடைப்பது மற்றவர்களின் தொலைக்காட்சிப் பங்கில் 30 சதவீதம்தான். ஆரிகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு சிறுநகரப் பல்கலைக்கழகங்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

பணம் அமெரிக்கக் கால்பந்துக்காக வருகிறது. அலைச்சலோ கைப்பந்து, சாஃப்ட்பால், தடகளப் பிள்ளைகளுக்கும் சேர்ந்தே வருகிறது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் சுமார் 4,000 கிலோமீட்டர். விருதுநகர் வழியே ஓடும் 44ஆம் எண் நெடுஞ்சாலையின் முழு நீளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாரநாளில் அவ்வளவு தூரம் போய் ஆடிவிட்டு வந்துதான் வகுப்பில் உட்கார வேண்டும்.

வீரர்களுக்குப் பணம் போவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியாளர்கள் கோடிகளில் சம்பளம் வாங்க, ஆடியவர்கள் உதவித்தொகையோடு நின்றது நெடுங்கால அநீதி. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். ஆனால் கூட்டமைப்பை உடைத்தவர்கள் வீரர்கள் அல்ல. தன் பங்கு பெருகினால் போதும், பக்கத்துப் பல்கலைக்கழகம் என்ன ஆனாலென்ன என்று கணக்குப் போட்ட நிர்வாகங்களே உடைத்தன. யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் இரண்டு கிளைகள். தங்கையின் பிரிவால் அக்காவுக்கு வந்த நட்டத்துக்காக ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்கும்படி பல்கலைக்கழக ஆட்சிக் குழு தீர்மானம் போட வேண்டியதாயிற்று.

இதை ஏன் நம் ஊருக்கு எழுத வேண்டும்? அங்கே தொலைக்காட்சி செய்ததை இங்கே வேறொன்று செய்யத் தொடங்கியிருக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டின் பெரிய கௌரவம், 1956-57இல் ஏற்படுத்தப்பட்ட மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அமிர்தசரஸின் குருநானக் தேவ், பாட்டியாலாவின் பஞ்சாபி போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் அதைப் பலமுறை வென்றன. அவற்றின் பலம் இணைவுக் கல்லூரிகள். ஊர் ஊராக நடக்கும் கல்லூரிப் போட்டிகளிலிருந்து அணி திரண்டது. 2024ஆம் ஆண்டுக்கான கோப்பையை வென்றது சண்டீகர் பல்கலைக்கழகம். தனியார் பல்கலைக்கழகம் ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை. இரண்டாம் இடமும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கே. கட்டணமும் விடுதியும் இலவசமாகக் கொடுத்துத் திறமைசாலிகளை நாடெங்குமிருந்து ஒரே வளாகத்தில் சேர்க்கும் முறை ஜெயித்திருக்கிறது. பதக்கப் பட்டியல் சேர்க்கை விளம்பரத்தில் ஏறுகிறது.

தமிழ்நாட்டில் இதன் வழி நிகர்நிலை அந்தஸ்து. மதுரை காமராசர் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது இணைவுக் கல்லூரிகளிலிருந்து. நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தன் மாணவர்களை நேராகவே தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அனுப்பலாம். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான படிவம் 3 சான்றிதழ் ஒரு தகுதி. அந்த ஒரு தாளுக்காக நல்ல பிள்ளைகள் கோட்டா சீட் தரும் இடத்துக்குப் போவது நியாயம்தான். போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் போனபின் உள்ளூர்ப் போட்டி மெலிந்துபோகிறதே, அதுதான் கவலை.

ஏனென்றால் உள்ளூர்க் கல்லூரி ஒரு பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சாட்சி. கூலிவேலை செய்த பாட்டி வளர்த்த பெண். செருப்பில்லாமல் ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுபிடித்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக அவர் ஓடினார். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் வீடுகளில் இப்படி எத்தனை பெண்கள் இருப்பார்கள்! அவர்களைப் பார்க்க ஒரு பி.டி. டீச்சரும், ஓட ஒரு மைதானமும், மோத ஒரு பக்கத்துக் கல்லூரியும் வேண்டும்.

பங்கு பிரிப்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரத்தில் பொதுநிதிக்கென மகமை பிடித்து, வீட்டில் பிடியரிசி எடுத்துவைத்து நடத்திய சத்திரிய வித்யாசாலா 1880களில் தொடங்கியது. காமராசர் படித்த பள்ளி. செந்திக்குமார நாடார் கல்லூரி 1947, வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962, அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963, ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968 என்று தொழிலின் லாபம் வகுப்பறைகளாக மாறியது. பெரிய கடைக்காரர் கொடுத்ததில் சின்ன கடைக்காரர் பிள்ளையும் படித்தது.

அதே முறையை விளையாட்டுக்கும் கொண்டுவாருங்கள் என்பதே இம்மடலின் வேண்டுகோள். மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு விளையாட்டு மகமை நிதி வைக்கலாம். வசதியுள்ள கல்லூரி கூடுதலாகப் போட்டு, வசதியில்லாத கல்லூரி அணியின் பயணச் செலவையும் சாப்பாட்டையும் ஏற்கலாம். ஆண்டுதோறும் மாவட்டக் கல்லூரிப் போட்டியை, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் அழைத்து, நிறுத்தாமல் நடத்தலாம். நிதியில் பாதி பெண்கள் விளையாட்டுக்குப் போகட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்கு, காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும் பட்டம் முடியும்வரை கட்டணம் கேட்பதில்லை என்று எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் உறவின்முறைகளும் கல்லூரிச் செயலர்களும் ஒரு நாள் கூடிப் பேசுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் பங்கு கேளுங்கள், கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

அன்புடன்,
கலிபோர்னியாவில் வாழும் சிவகாசிக்காரர்