பெயரால் வந்த பழி

கரு நிலைக்காமல் போன தாய்மாருள் சிலர், தம் உடலிலுள்ள 'கொல்லி அணுக்களே' குழந்தையை அழித்தன என்றெண்ணி மனம் புழுங்குவதைக் காண்கிறோம். அவ்வணுக்களைப்பற்றிச் சிறிது அறிவோம்.

இயற்கைக் கொல்லி அணு என்னும் பெயர் 1975-இல் சூட்டப்பட்டது. இரத்தத்தில் உலவும் அவ்வணுக்கள் வைரஸ் தொற்றிய அணுக்களையும் புற்று அணுக்களையும் கொல்வதால் அப்பெயர் பொருந்தும். சூட்டியவர்கள் கருப்பையை நினைத்திரார் போலும்! அதன் உட்படலத்தில் உறைபவை அதே குலத்தவையாயினும், கொல்லும் திறன் குன்றியவை. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் அங்குள்ள வெள்ளணுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 இவையே. நஞ்சுக்கொடி வேரூன்றும் இடத்தில் தாயின் சுருள் தமனிகள் அகன்றுகொடுக்க இவை துணைநிற்கின்றன. அகன்றால்தான் பிள்ளையைப் பேணும் இரத்தம் தடையின்றிப் பாயும். அகலாவிடில் பிள்ளை மெலியும், தாய்க்கு இரத்தக் கொதிப்பும் காணலாம்.

ஆதலின் இவை மிகுந்திருப்பதே கேடு என்பது சரியன்று. கையில் இரத்தம் எடுத்து இவ்வணுக்களை எண்ணிக் கூறுவோரும் உளர். அந்த எண்ணிக்கை கருப்பையின் நிலையைக் காட்டாது. அதை நம்பி, விலையுயர்ந்த மருந்தை ஏற்றிக்கொள்ளக் கடன் வாங்குமுன் வேறொரு மருத்துவரையும் கேட்பது நலம்.

தொடக்கத்திலேயே கலையும் கருக்களுள் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் உள்ள பிழை. மாமியார்மாரும் இதனை அறிந்துவைத்தல் நன்று. அப்பிழை பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது.