கண்ணாடித் தொட்டியும் கண்காட்சிப் புத்தியும்

நம் பள்ளிகள் பலவற்றில் மீன்தொட்டி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையிலோ அலுவலக வாயிலிலோ இருக்கும், வகுப்பறையில் இராது. மேலதிகாரிகள் வருகிற நாளில் அதன் விளக்கு எரியும். மாணவன் கை வைத்தால் அதட்டப்படுவான். இதற்கு 'அறிவியல் மூலை' என்று பெயரிட நாம் நாணுவதில்லை.

பிறரைப் பழிக்குமுன் என் குற்றத்தைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய வருகை ஒன்றனை முன்னிட்டு நானே ஒரு தொட்டி வாங்கினேன். கூழாங்கற்களைப் பளிச்செனக் கழுவி, குழாய்நீரை நிரப்பி, அன்று மாலையே பன்னிரண்டு தங்கமீன்களை விட்டேன். வந்தவர்கள் பாராட்டினர். அடுத்த வாரத்துள் மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. மாணவர் கண்ணில் படாதவாறு தோட்டக்காரரைக் கொண்டு அகற்றச் செய்தேன். அவை ஏன் மடிந்தன என்பதே அவ்வாண்டில் என் பள்ளி கற்பித்திருக்கக்கூடிய மிகச் சிறந்த பாடம். அதனையும் மீன்களோடு குப்பையில் எறிந்தேன்.

அப்பாடம் யாது? நோய்க்கிருமிகளைக் கொல்லக் குழாய்நீரில் கலக்கும் குளோரின், மீனின் செவுள்களையும் சுட்டெரிக்கும். அதற்குத் தப்பினும் அடுத்த பகை அம்மோனியா. மீன் வெளியேற்றும் இந்நஞ்சிற்கு நிறமில்லை. நீர் தெளிவாகவே தோன்றும். ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அதனைச் செடிகள் உணவாய்க் கொள்ளும். இந்நுண்ணுயிர்கள் கற்களிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, வருகைக்கு முதல்நாள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவும் ஆசிரியர் தொட்டியைத் தூய்மை செய்யவில்லை. அதன் உயிரை வாங்குகிறார். தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு என்பதனைப் பத்து வயதுச் சிறுவன் தன் கண்ணால் காண இதனினும் எளிய வழி ஏது?

நேரமில்லை, தேர்வு இருக்கிறது என்று முன்னர்ச் சொன்னோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. சாக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

தமிழ்ப்பிள்ளைக்கு ஆற்றுப் பாடம் எதற்கு என்பாரும் உளர். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். பள்ளிப் பிள்ளைகளும் அவருள் அடங்குவர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றில் விழுந்த நஞ்சு வகுப்பறைக்குள் வர யாருடைய இசைவையும் கேட்கவில்லை.

இன்னொரு கேட்டினையும் கூறவேண்டும். ஆண்டிறுதியில் தொட்டியைக் காலிசெய்து, மீன்களை அருகிலுள்ள ஆற்றில் விட்டு, அதனை ஜீவகாருண்யம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இருக்கின்றனர். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று தென்னமெரிக்காவிலிருந்து வந்த இக்கான் பண்டாராயா இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பல்கிக் கிடக்கிறது. கரையைத் துளைத்து வளை அமைக்கிறது. நம் நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கிறது. இத்தகைய கருணைகளின் பயன் அது. வளர்க்கத்தான் வேண்டுமென்றால் புயு மீனை வளர்க்கலாமே! தமிழகத்தார் பனையேறிக் கெண்டை என்பது இதனைத்தான். வயல் வாய்க்காலில் வாழும் மீன். மேலே வந்து காற்றை விழுங்கி உயிர்ப்பது. மூடி மட்டும் தேவை, துள்ளி வெளியேறிவிடும்.

இப்போது எங்கள் தொட்டி நான்காம் ஆண்டு வகுப்பில் இருக்கிறது. மீன் விடுமுன் ஆறு வாரம் காத்திருந்தோம். உணவிடுதலும் நீர் மாற்றுதலும் மாணவர் முறை; எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். சென்ற பருவத்தில் ஒரு மாணவி, 'இந்த வாரம் நீர் மாற்ற மறந்துவிட்டோம். ஒரு மீன் இறந்தது' என்று எழுதியிருந்தாள். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அதனைப் பார்த்து, "அடுத்த வாரம் அதிகாரிகள் வருகிறார்கள், ஐயா. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமே?" என்றார். நான் இசையவில்லை. குறிப்பேட்டை அப்பக்கத்திலேயே திறந்து, தொட்டியின் அருகில் வைக்கச் சொன்னேன்.