மாலை போட்டவருக்குத் தனிச் சட்டி, பிள்ளைக்கு மட்டும் 'ஒரு வாய்'தானா?

தமிழ்நாட்டில் தடை செய்ய வேண்டிய வாக்கியம் ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். "ஒரு வாய்தானே, என்ன ஆகிடப் போகுது?" இதுதான் அது. பந்தியில் பெரியவர்களிடம் சொன்னால் அது உபசாரம். உணவு ஒவ்வாமை உள்ள மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்கு நேரே கையை நீட்டிக்கொண்டு சொன்னால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

எங்கள் பாளையம்பட்டிப் பக்கம் இந்த வாக்கியம் பெரும்பாலும் கடலை மிட்டாயோடுதான் வரும். சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அதற்கு முந்தின வருடமே வாங்கிவிட்டது. விருதுநகர் என்றால் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். நிலக்கடலை, பால், எள் என்று பிள்ளைகளுக்கு ஒவ்வாமை தருவதில் பெயர்போன மூன்றும் எங்கள் கரிசல் காட்டுப் பெருமைகள். பெருமைதான், மறுக்கவில்லை. நானும் கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் இந்த மூன்றும் ஆகாத ஒரு பிள்ளையை இந்த ஊரில் வளர்க்கிற அம்மாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். தேர்த் திருவிழாவுக்குப் போக முடியாது, காதுகுத்துக்குப் போக முடியாது, பக்கத்து வீட்டுக்குக்கூட ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் அனுப்ப வேண்டும்.

"அந்தக் காலத்துல இந்த அலர்ஜியெல்லாம் இருந்துச்சா? எல்லாம் இப்ப வந்த நாகரிகம்" என்பார்கள். இருந்ததா என்று நம் பேச்சையே கேட்டுப் பார்க்கலாம். 'சேராது', 'ஒத்துக்காது' என்பதெல்லாம் நம் பாட்டிகளின் சொற்கள். கத்தரிக்காயையும் கருவாட்டையும் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கியது எந்த டாக்டர்? பத்தியம் இருப்பவருக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று தெருவுக்கே தெரியும்.

அதைவிட, கார்த்திகை மாதத்தைப் பாருங்கள். வீட்டில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். அன்றைக்கே மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். சாமிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் "சாமிக்குத் தனியா சமைச்சிருக்கு" என்பார்கள். அந்த நாற்பத்தெட்டு நாளில் யாராவது ஒருத்தர், "சாமி, ஒரு துண்டு மீன்தானே, என்ன ஆகிடப் போகுது" என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். நாக்கு வராது. தனிச் சட்டி, தனிக் கரண்டி, கேட்டுக் கொடுப்பது என்று ஒவ்வாமைக்கு வேண்டிய மொத்த ஒழுங்கும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை. சாமிக்குச் செய்வதைச் செத்துப்போகக்கூடிய பிள்ளைக்குச் செய்யச் சொன்னால் மட்டும், "ரொம்பத்தான் பண்றா" என்கிறோம்.

'கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு' என்று இன்னொரு வாதம். செரிப்பது இங்கே பிரச்சினையே இல்லை. கடலையில் இருக்கும் புரதத்தைப் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி பகையாளி என்று தப்பாகக் குறித்து வைத்துவிடுகிறது. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருள் தயாராகக் காத்திருக்கிறது. அடுத்த முறை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் போதும், உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், வாந்தி வரும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இதைத்தான் அனாஃபிலாக்சிஸ் என்கிறார்கள். போன தடவை தடிப்போடு போய்விட்டது என்பதற்காக இந்தத் தடவையும் அதோடு போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு" என்று ஆலோசனை சொல்பவர்களுக்கும் இதுவே பதில். அப்படிப் பழக்கும் சிகிச்சை உண்டுதான். அதை நிபுணர்தான் ஆரம்பிப்பார், அளந்து கொடுத்து, பக்கத்திலேயே இருந்து கவனிப்பார். திண்ணையில் வைத்துச் செய்கிற காரியம் இல்லை.

என் அக்கா மகனுக்கு நிலக்கடலையும் முட்டையும் சேராது. ஒரு விசேஷ வீட்டில் அக்கா கைகழுவப் போன நேரத்தில் ஒரு பெரியம்மா பாசத்தோடு அரைத் துண்டு கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டார். பையனுக்கு உதடு வீங்கி, இருமி, இழுப்பு வந்துவிட்டது. முதலில் தூக்கிக்கொண்டு ஓடிய கிளினிக்கில் ஒரு அவில் ஊசி போட்டு, "சரியாயிரும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இழுப்பு நிற்காததால் அக்கா வீட்டுக்குப் போகாமல் வேறொரு மருத்துவமனைக்கு ஆட்டோ ஏறினாள். அங்கே அட்ரினலின் போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு திரும்பியது. மறுநாள் சொந்தக்காரர்கள் யாரும் அந்தப் பெரியம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொத்திப் பொத்தி வளர்த்தா இப்படித்தான்" என்று அக்காவுக்குத்தான் விழுந்தது.

அவில் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். அடைக்கிற மூச்சை அது திறக்காது. அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், தாமதிக்காமல் போட வேண்டும். மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ள, விலை மலிவான மருந்து அது. வெளிநாடுகளில் பெற்றோரே போடுகிற மாதிரி பேனா வடிவில் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் அதைக் கேட்டால் எழுதுகிற பேனாவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள் :-)

அம்மாக்களைக் குற்றம் சொல்பவர்களுக்கு இன்னொன்று. மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்காதீர்கள் என்று, ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு 2000-ல் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 2008-ல் அதற்கு ஆதாரம் போதாது என்று அதே சங்கம் பின்வாங்கியது. 2015-ல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. சின்ன வயதிலேயே கடலை உணவு தின்று வந்தவர்களிடம்தான் கடலை ஒவ்வாமை மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களே பதினைந்து வருடத்தில் தலைகீழாக மாற்றிச் சொன்ன விஷயத்துக்கு, "நீ மாசமா இருக்கையில என்னத்தத் தின்ன?" என்று ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

சரி, அம்மாவே கவனமாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். எதை வைத்துக் கவனமாக இருப்பாள்? 2020-ல் வந்த உணவு லேபிள் விதிகள், குளூட்டன் உள்ள தானியம், ஓட்டுடைய கடல் உணவு, பால், முட்டை, மீன், கடலை-கொட்டை வகைகள், சோயா, சல்பைட் ஆகியவை இருந்தால் பொட்டலத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொன்னால் போதும். வேறு மொழியிலும் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. மில் வேலைக்குப் போகிற, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை எச்சரிக்கையா, இல்லை வெறும் டிசைனா? எள்ளுருண்டை தின்கிற நாட்டில் அந்தப் பட்டியலில் எள்ளே கிடையாது. லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவில் எள் கலந்திருந்தது தெரியாமல் தின்று நடாஷா என்ற 15 வயதுப் பெண் 2016-ல் இறந்தாள். அவள் பெயரால் 2021-ல் இங்கிலாந்தில் சட்டமே வந்தது. அமெரிக்கா 2023 முதல் எள்ளைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பொட்டலமே இல்லாத பண்டத்துக்கு எங்கே போவது? தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி வந்த உத்தரவு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தேதி எழுதுகிற அதே அட்டையில் 'கடலை உண்டு, பால் உண்டு' என்று ஒரு வரி எழுத எத்தனை ரூபாய் ஆகும்? வாயால் கேட்டாலும் தொல்லை. 'கடலை' என்ற ஒரே சொல்லுக்குள் நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொரிகடலை, கடலை மாவு எல்லாம் அடக்கம். "சேவுல கடலை இருக்கா?" என்றால் "கடலை மாவுதாம்மா" என்பார். எந்த எண்ணெயில் பொரித்தது என்று அவரே மறந்திருப்பார். இப்போது மரச்செக்கு மோகம் வேறு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும். உடம்புக்கு நல்லது என்று வாங்கியதே வினையாகும்.

வணிகச் சட்டப் பாடத்தில் 'வாங்குபவனே விழித்திரு' என்று நடத்துவார்கள். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு அது. பரீட்சைக்கு எல்லோரும் அதை மட்டும்தான் மனப்பாடம் செய்கிறோம். அதே பிரிவிலேயே விதிவிலக்கும் இருக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. "பிள்ளைக்கு நிலக்கடலை சேராது, இதில் இருக்கிறதா?" என்று கேட்டு வாங்குகிற அம்மா அந்த விதிவிலக்குக்குள்தான் நிற்கிறாள் என்பது என் கட்சி. "இல்லம்மா" என்று அலட்சியமாகச் சொல்லும் கடைக்காரர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு வியாபாரம் நடக்கிறது, அதையும் விடக் கூடாது. ஒரு துளி ரத்தத்தில் நூறு உணவுக்கு அலர்ஜி பார்க்கும் பேக்கேஜ். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு உணவுக்கு எதிர்ப்பு காட்டியவர்கள் 26.5 சதவீதம். உண்மையில் ஒவ்வாமை இருக்கலாம் என்று தேறியவர்கள் 1.2 சதவீதம்தான். அந்தப் பேக்கேஜ் தாளை வைத்துக்கொண்டு அரிசி, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை நோஞ்சானாகத்தான் வளரும். தின்றபோது என்ன நடந்தது என்று கேட்காமல் தாளை மட்டும் பார்த்துச் சொல்லும் ஆலோசனைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"ஊரில் நாலு பிள்ளைக்கு இருக்கும், இதுக்குப் போய் இத்தனை கூப்பாடா?" என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் நாலு பிள்ளைக்கு வேண்டிய ஏற்பாட்டுக்குச் செலவும் நாலு பிள்ளை அளவுதானே? சத்துணவில் வாரம் ஐந்து முட்டை போடுகிறார்கள். அருமையான திட்டம், ஒரு முட்டையைக்கூடக் குறைக்கக் கூடாது. முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியிருக்கிறது. வழக்கத்துக்கு மரியாதை உண்டு. உடம்புக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அக்கா மகனை ஓர் அங்கன்வாடியில் சேர்த்தபோது பெயர், பிறந்த தேதி, எடை எல்லாம் கேட்டு எழுதினார்கள். என்ன சேராது என்று கேட்கவில்லை. அக்காவே ஒரு தாளில் எழுதி, சமையல் செய்கிற அக்காவிடம் கொடுத்தாள். அவர் அதை அரிசி டின் மேல் ஒட்டி வைத்துக்கொண்டார். அதிகாரிகள் யாரும் சொல்லாமல் அவராகச் செய்த காரியம்.

புதன்கிழமை தடுப்பூசி போட வரும் செவிலியரின் பெட்டியில் அட்ரினலின் இருக்க வேண்டும் என்பது விதி. ஊசியால் அபூர்வமாக வரும் ஒவ்வாமைக்காக அந்த ஏற்பாடு. முட்டையும் கடலையும் மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் வாய்க்குப் போகின்றன. பெட்டி புதன்கிழமைதான் வருகிறது.