வழித்துணை: சித்தியைத் தேடி மலைக்கு

சென்ற சில மாதங்களில் எமக்கு வந்த கடிதங்களில் மூன்று ஒரே விடயத்தைக் கேட்டிருந்தன. "ஹற்றன் பக்கம் எங்கள் சொந்தக்காரர் இருக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. எப்படிப் போவது, தனியாகப் போகலாமா, என்ன கொண்டு போக வேண்டும்?" மூன்று பேருமே வன்னியில் இருப்பவர்கள். மூவருடைய தாய்மாரும் மலையகத் தோட்டங்களில் பிறந்தவர்கள்.

மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டாருக்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. எந்த நீர்வீழ்ச்சியை எந்தப் பக்கம் நின்று படம் பிடிக்கலாம், புகையிரதத்தில் எந்தப் பக்க யன்னல் நல்லது என்றெல்லாம் அவற்றில் இருக்கும். லயத்தில் இருக்கும் சித்தியைத் தேடிப் போகிற பெண்ணுக்கு அவற்றால் பயன் இல்லை. அதனால் இம்முறை அந்தப் பயணத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்ததும், 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டதும் பலருக்குத் தெரிந்தவை. 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. 1983க்குப் பிறகும் வந்தார்கள். அங்கே ஒரு அடி வாங்கியவர்கள் இங்கே வந்து முழு யுத்தத்தையும் வாங்கினார்கள். இடையில் கடிதமும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. பாதை மூடப்பட்ட காலத்தில் மலையில் அக்கா செத்ததே தங்கைக்குத் தெரியாமல் போன வீடுகளை நான் அறிவேன்.

2025 பெப்ரவரியில் தருமபுரம் பக்கத்துத் தோழி ஒருவருடன் நானும் போனேன். அவருடைய அம்மா 1977இல் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். 2009இல் கையில் இருந்த கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. முகாமிலிருந்து வந்த பிறகு எடுத்த அடையாள அட்டையில் வயது நான்கு வருடம் குறைவாகப் பதிவாகிவிட்டது. எழுபது வயதுக்குரிய முதியோர் கொடுப்பனவு கேட்கப் போனபோதுதான் அதன் பாரம் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ் வேண்டும். முழங்கால் வாதத்தால் அம்மாவுக்குப் பஸ்ஸில் ஏற முடியாது, அதனால் மகள் கிளம்பினார்.

ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கண்டியில் முடிகிறது. எத்தனை சோதனைச் சாவடிகளை அந்த வீதியில் கடந்திருக்கிறோம், ஆனால் அது போய் முடிகிற ஊரை எம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் பஸ்களில் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஏறலாம். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கண்டி. இரவில் தனியாக இறங்கப் பயம் என்றால் விடியற்காலை பஸ் எடுங்கள், மத்தியானத்தோடு கண்டிக்குப் போய்விடலாம். கண்டியில் பஸ் நிற்கும் இடம் ஒன்றல்ல. "ஹற்றன் பஸ் எங்கே?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அங்கிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹற்றன், சுமார் மூன்று மணித்தியாலம். கினிகத்தேனை தாண்டினால் வளைவுகள் கூடும். பஸ்ஸில் தலை சுற்றுகிறவர்கள் முன் ஆசனத்தில் இருங்கள், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். ஒரு தேசிக்காயும் பொலித்தீன் பையும் கையில் இருக்கட்டும். எனக்கு இரண்டும் தேவைப்பட்டன.

மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் கண்டிக்குப் போகத் தேவையில்லை. செங்கலடி - பதுளை வீதியால் பதுளைக்கு வந்து, வெலிமடை வழியாக நுவரெலியா போகலாம்.

புகையிரதம் மலிவு, பார்க்கவும் அழகு. நுவரெலியா போகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும், நகரம் அங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது இந்தப் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே எதுவரை வண்டி ஓடுகிறது என்பதைக் கிளம்பும் முன் உங்கள் ஊர் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நேர அட்டவணையை நம்பிப் போக வேண்டாம்.

காலம் பார்த்துப் போங்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் ஹற்றனில்தான் இறங்குவார்கள், வார இறுதியில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகால விழா, அறை வாடகை எங்களுக்கு எட்டாது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை. பெப்ரவரி, மார்ச் நல்லது. வானம் வெளித்திருக்கும், ஆனால் இரவுக் குளிர் கடுமை.

அந்தக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா நகரம் ஆறாயிரம் அடிக்கும் மேல், ஹற்றன் நாலாயிரத்துச் சொச்சம். உடம்பில் செல் துண்டு இருப்பவர்களுக்கும், எலும்பில் பிளேட் வைத்தவர்களுக்கும் அந்த இடம் குளிரில் குத்தும். என் தோழிக்குத் தோளில் ஒரு துண்டு இருக்கிறது. முதல் இரவு அவர் நித்திரை கொள்ளவேயில்லை. கம்பளிச் சால்வை, சுவெற்றர், காலுறை, வழக்கமாக எடுக்கும் மாத்திரை, கிளினிக் கொப்பி ஆகியவற்றை மறக்க வேண்டாம். பொய்க்கால் போட்டவர்கள் கவனம்: லயத்துப் படிகள் செங்குத்தானவை, பாசி பிடித்தவை. ஊன்றுகோல் ஒன்று கூடுதலாகக் கொண்டு போங்கள். புல்லில் நடந்தால் அட்டை கடிக்கும். இழுத்துப் பிடுங்காமல் உப்போ சவர்க்காரமோ வையுங்கள், விழுந்துவிடும்.

இனித் தோட்டத்தைக் கண்டுபிடிப்பது. எங்களுக்குப் பெரிய சிக்கல் அதுதான். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் ஒன்று, எங்கள் சனம் வைத்த பெயர் வேறொன்று. அம்மா சொல்லி அனுப்பியது தமிழ்ப் பெயர், அலுவலகப் புத்தகத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். ஹற்றனில் இரண்டு அலுவலகங்களில் கேட்டோம், "அப்படி ஒரு தோட்டம் இல்லை" என்றார்கள். பஸ் நிலையத்தில் வெற்றிலை விற்ற ஒரு வயதான அம்மா, பெயரைக் கேட்ட உடனே எந்த பஸ், எந்தச் சந்தி என்று சொன்னார். ஆகவே போக முன் உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தோட்டத்துக்கு வழங்கிய எல்லாப் பெயர்களும், மேல் கணக்கா பணிய கணக்கா என்பதும், எந்த லயம், பக்கத்தில் என்ன கோயில், கங்காணி பெயர் என்ன என்பதும். தோட்டத்துக்குள் போனதும் அலுவலகத்துக்குப் போகாமல், தோட்டத் தலைவரையோ பிள்ளை மடுவத்தில் இருக்கும் அம்மாவையோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத குடும்பம் இல்லை.

சித்தி கொழுந்து மலையில் இருந்தார். ஆள் அனுப்பினார்கள். படங்கை அவிழ்க்காமலே ஓடி வந்தவர் வாசலில் நின்று பார்த்தார்.

"சித்தி, நான் உங்கட அக்கான்ர மகள்" என்றார் தோழி.

"என்னா புள்ள, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் அழத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "யாழ்ப்பாணத்தாளு மாதிரியில்ல பேசுற" என்று சிரித்தார். கிளிநொச்சியில் இதே தோழியை "தோட்டக்காட்டாள்" என்று சொன்னவர்கள் உண்டு. அதை அவர் சித்தியிடம் சொல்லவில்லை.

அன்று செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனது ஒரு புதன்கிழமை. வேலைநாளில் மலையிலிருந்து இறங்கினால் கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள். எங்களைப் பார்க்க வந்ததால் சித்திக்கு அரைநாள் சம்பளம் போனது. அவர் அதைச் சொல்லவில்லை, மருமகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவது என்றால் யோசித்துத் தங்குங்கள். சித்தி வீடு இரண்டு காம்பரா, ஏழு பேர். "இங்கயே படுங்க" என்று பிடிவாதம் பிடிப்பார்கள். படுங்கள், வேண்டாம் என்றால் மனம் நோகும். ஆனால் போர்வையும் பாயும் சொந்தமாகக் கொண்டு போங்கள். மலசலகூடம் வெளியே, இரவில் டோர்ச் வேண்டும். மாதவிலக்கு நாட்களைக் கணக்குப் பார்த்துப் போவது நல்லது, துணி அலசி மறைவாக உலர்த்த இடம் கிடைக்காது. கையில் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பனங்கட்டி, கருவாடு, நல்லெண்ணெய், எங்கள் பக்கத்து அரிசி என்று கொண்டு போங்கள். திரும்பும்போது தேயிலைத்தூளும் கரட்டும் லீக்ஸும் பை கிழியும் அளவுக்குக் கட்டித் தருவார்கள்.

பத்திரம் தேடுகிறவர்களுக்கு: முதலில் உங்கள் ஊர்ப் பிரதேச செயலகத்திலேயே கேளுங்கள். கணினியில் ஏற்றிய பதிவு என்றால் அங்கேயே பிரதி எடுக்கலாம், மலைக்கு அலையத் தேவையில்லை. பழைய பதிவு என்றால் பிறந்த இடத்துக்குரிய செயலகத்தில் தேட வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகங்களே இருந்தன. பின்னர் நோர்வூட், தலவாக்கலை போன்றவை புதிதாக வந்தன. பழைய புத்தகம் எதில் இருக்கிறது என்று விசாரித்த பிறகு வரிசையில் நில்லுங்கள். நாங்கள் ஒரு நாள் பிழையான வரிசையில் நின்றோம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே நிரப்புங்கள், அது உங்கள் உரிமை. அன்றைக்குத் தோட்டப் பிறப்புகள் துரை ஊடாகத்தான் பதிவுக்குப் போயின. வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, கணக்கப்பிள்ளை எழுதியது வேறாக இருக்கும். பிறந்த வருடத்தோடு முன்பின் இரண்டு வருடமும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். எங்களுக்குப் பதிவு கிடைத்தது, சித்திதான் அந்த மறந்துபோன பெயரை ஞாபகப்படுத்தினார். ஆனால் அதில் தாத்தாவின் பெயரும் பிழையாக இருந்தது. திருத்தத்துக்கு விண்ணப்பித்து அலைந்துகொண்டிருக்கிறோம்.

வழியில் உதவிக்குச் சில எண்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி 1938, அனர்த்த முகாமைத்துவம் 117. பஸ்ஸில் எவனாவது தொந்தரவு செய்தால் சத்தம் போடுங்கள். மொழி தெரியாதே என்று பேசாமல் இருக்க வேண்டாம், சத்தம் எல்லா மொழியிலும் விளங்கும். நோர்வூட் பக்கம் சுகயீனம் என்றால் திக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. மழை பெய்தால் வானொலியில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். சிவப்பு சொன்ன இடத்துக்குச் சொந்தக்காரரைப் பார்க்க என்றுகூடப் போக வேண்டாம்.

டித்வா வந்த நாட்களில் தோழி சித்தியின் இலக்கத்துக்கு மூன்று நாள் அழைத்தார். தொடர்பு இல்லை. நான்காம் நாள் மருமகளின் போனில் கிடைத்தது. லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியதால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், எல்லோரும் சுகம். "இப்ப வந்துராத ஆத்தா, ரோட்டு இல்ல. நான் சொல்றப்ப வா" என்றாராம் சித்தி.

தோழி இரண்டு கிலோ கருவாடு வாங்கிக் காயவைத்திருக்கிறார். இம்முறை அம்மாவின் பழைய படம் ஒன்றையும் எடுத்துப் போகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான்.